திரை நிறுவனங்கள் விளையாட்டு அணிகளை ஏன் வாங்கின, ஏன் கைகழுவின?

#1 ஆற்றங்கரையான்

அமெரிக்காவில் பொழுதுபோக்கு நிறுவனங்கள் விளையாட்டு அணிகளை ஆரவாரத்தோடு வாங்குவதும், சில ஆண்டுகள் கழித்துச் சத்தமில்லாமல் விற்றுவிட்டு நகர்வதும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்றன. டிஸ்னி நிறுவனத்தின் அனாஹைம் அனுபவத்தை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1992 அக்டோபரில் சிறுவர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றைப் பற்றிய டிஸ்னி படம் வெளிவந்து நன்றாக ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய ஹாக்கி லீக் டிஸ்னிக்கு ஒரு புதிய அணிக்கான உரிமத்தை வழங்கியது. படத்தின் பெயரே அணியின் பெயரும் ஆனது: மைட்டி டக்ஸ் ஆஃப் அனாஹைம். உரிமக் கட்டணம் 5 கோடி டாலர். அதில் பாதி, தன் எல்லைக்குள் இன்னொரு அணி வருவதற்கான ஈடாக லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குப் போனது. ஆட அணி எதுவும் உறுதியாகாத நிலையிலேயே, லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலுள்ள அனாஹைம் நகரில் ஒரு உள்ளரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. டிஸ்னிலாந்து அங்கிருந்து சில மைல் தூரம். நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு இதைவிடத் தோதான இடம் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

1993 அக்டோபரில் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன், கேளிக்கைப் பூங்காவில் நடப்பது போன்ற கலைநிகழ்ச்சி ஒன்றை நடத்தினார்கள். அணியின் சின்னமான வாத்து வேடக்காரர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வந்தார். பிறகு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியிடம் 7-2 என்று தோற்றார்கள். ஆனாலும் வாத்து முகமூடி பொறித்த சட்டைகளும் தொப்பிகளும் லீகின் எல்லா அணிகளின் பொருட்களையும் விஞ்சி விற்றன. இரண்டாண்டுகள் கழித்து அதே வேடக்காரர் நெருப்பைத் தாண்டிக் குதிக்கும் சாகசத்தில் தடுக்கி விழுந்து, உடையில் தீப்பற்றி, நல்லவேளையாகத் தப்பித்தார். ஆட்டத்தைவிட அதைச் சுற்றிய காட்சிக்கே முதலிடம் கொடுத்த நிர்வாகம் அது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து பேஸ்பால். கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் உரிமையாளர் ஜீன் ஆட்ரி, பாடும் கௌபாயாகத் திரையில் புகழ்பெற்றவர். 1960 டிசம்பரில் தன் வானொலி நிலையத்துக்கு வர்ணனை உரிமை கேட்டு பேஸ்பால் உரிமையாளர்களின் கூட்டத்துக்குப் போனவர், அணியையே வாங்கிக்கொண்டு திரும்பினார். 1996-இல் டிஸ்னி அந்த அணியில் 25 விழுக்காட்டை வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. 1998-இல் ஆட்ரி மறைந்த பின் மீதியும் அதன் கைக்கு வந்தது. 2002-இல் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை ஏழு ஆட்டங்களில் வென்று அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரைத் தன் வரலாற்றில் முதல்முறையாக வென்றது. அடுத்த ஆண்டே டிஸ்னி அணியை ஆர்ட்டி மொரேனோ என்ற விளம்பரத் தொழிலதிபருக்கு ஏறத்தாழ 18 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. ஹாக்கி அணியும் 2003-இல் ஹாக்கி லீகின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று வரை போய், 2005-இல் ஹென்றி, சூசன் சாமுவேலி தம்பதிக்குக் கைமாறியது. பெயரில் இருந்த ‘மைட்டி’ நீங்கி, 2007-இல் அந்த அணி கோப்பையை வென்றது.

என் கேள்வி இதுதான். கோப்பை கையில் இருக்கும்போது விற்பதற்கு என்ன காரணம்? இத்தகைய நிறுவனங்களுக்கு அணி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை, திரையில் காட்ட ஆட்டம் மட்டுமே தேவைப்பட்டது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குநோட்டு

நல்ல கேள்வி. ஆனால் விடையை உணர்ச்சியில் தேடாமல் இருப்புநிலைக் குறிப்பில் தேட வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாப நட்டத்தை வெளியிட்டாக வேண்டும். ஒரு விளையாட்டு அணியோ, ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியை ஆட்டக்காரர் சம்பளமாகக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் சொற்ப லாபமோ நட்டமோ காட்டும் தொழில். அதன் உண்மையான ஆதாயம் விற்கிற அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். பணக்காரக் குடும்பம் இருபது ஆண்டுகள் காத்திருக்கும். பங்குச் சந்தை ஆய்வாளர் அடுத்த காலாண்டு வரைகூடக் காத்திருக்க மாட்டார். டிஸ்னியின் ஆண்டு வருமானத்தில் ஏஞ்சல்ஸ் அணியின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அந்த அணி ஒரு நட்சத்திர ஆட்டக்காரரைக் கைவிட்டால் அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தில் டிஸ்னியின் பெயர்தான் அடிபடும். லாபம் கடுகளவு, கெட்ட பெயர் மலையளவு என்றால் எந்த நிதி அதிகாரியும் ‘விற்றுவிடலாம்’ என்றுதான் சொல்வார்.

இதற்கெல்லாம் முன்னோடி சிபிஎஸ். அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் 1964-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 விழுக்காட்டை 1.12 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை ஏறக்குறைய ஆண்டுதோறும் உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்த அணி, 1965-இல் ஆறாம் இடத்துக்கும் 1966-இல் கடைசி இடத்துக்கும் இறங்கியது. 1966 செப்டம்பர் 22 அன்று பல்லாயிரம் பேர் அமரக்கூடிய யாங்கீ மைதானத்துக்கு வந்தவர்கள் 413 பேர். மூத்த வர்ணனையாளர் ரெட் பார்பர், காலி இருக்கைகளை ஒளிப்படக்கருவி காட்ட வேண்டும், அன்றைய செய்தி ஆட்டமல்ல, அந்த வெறுமையே என்று கேட்டார். காட்ட மறுத்துவிட்டார்கள். அவர் தன் குரலிலேயே அதைச் சொன்னார். சில நாட்களில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தெரிவிக்கப்பட்டது. அணியும் திரையும் ஒரே முதலாளியிடம் இருந்தால் எது மறைக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1973 ஜனவரியில் சிபிஎஸ் அந்த அணியை ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர் தலைமையிலான குழுவுக்கு 1 கோடி டாலருக்குக் கொடுத்தது, அதாவது வாங்கிய விலைக்கும் கீழே. இன்று அமெரிக்க விளையாட்டு அணிகளில் மிக அதிக மதிப்புள்ளவற்றில் யாங்கீஸும் ஒன்று.

#3 மேற்குக்கரைவாசி

அனாஹைம் இருக்கும் ஆரஞ்சு கவுன்டியில் பல காலமாக வசிப்பவன் என்ற முறையில் டிஸ்னிக்காகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரையான் காட்சி, வேடக்காரர் என்றெல்லாம் எழுதினார், உண்மைதான். 1997-இல் ஏஞ்சல்ஸ் அணிக்கு இறக்கை வைத்த சின்னத்தையும் வெளிர்நீலச் சாயலில் ஒரு சீருடையையும் கொடுத்ததை இங்கே யாரும் ரசிக்கவில்லை. ஆனால் 1996-இல் அனாஹைம் நகராட்சியோடு டிஸ்னி செய்த மைதான ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். புதுப்பிப்புக்கு ஆன ஏறத்தாழ 11.7 கோடி டாலரில் நகராட்சி கொடுத்தது 3 கோடி. மீதியை டிஸ்னியே போட்டது. மைதானம் கட்டித் தராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று தனிநபர் உரிமையாளர்கள் நகரங்களை மிரட்டிப் பணம் கறந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் இது நடந்தது. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்காக 1980-இல் அடைக்கப்பட்டிருந்த வெளிமைதானப் பகுதி மீண்டும் திறந்தது. பாறையும் நீர்வீழ்ச்சியுமாக ஒரு அமைப்பு அங்கே வந்தது. அதைப் பொம்மை வேலை என்று கேலி செய்தவர்கள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் கேலி செய்வதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் அணியின் பெயரில் ‘அனாஹைம்’ இடம்பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. டிஸ்னி இருந்தவரை ‘அனாஹைம் ஏஞ்சல்ஸ்’ என்று நேர்மையாகவே நடந்துகொண்டது. தன் கேளிக்கைப் பூங்கா இருக்கும் ஊரின் பெயர் நாடெங்கும் ஒலிப்பது அதற்கும் லாபம். தனிமனிதரான மொரேனோ வந்த பிறகு, 2005-இல், பெரிய விளம்பரச் சந்தையைக் கணக்கில் வைத்து ‘லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஆஃப் அனாஹைம்’ என்று மாற்றினார். நிபந்தனையின் எழுத்து காப்பாற்றப்பட்டது, நோக்கம் காற்றில் போனது. நகராட்சி வழக்குத் தொடுத்தது. 2006-இல் ஜூரி அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதோடு ஒரே உலகத் தொடர் வெற்றியும் டிஸ்னி காலத்தில்தான் கிடைத்தது. நிறுவனம் என்றால் கெடுதல், குடும்பம் என்றால் நன்மை என்ற பிரிப்பை அனாஹைம்வாசிகளிடம் சொன்னால் எடுபடாது.

#4 பழையபந்து

டிஸ்னியை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே தென் கலிஃபோர்னியாவில், அதே ஆண்டுகளில், ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்னி 1990-களின் நடுவில் ஏபிசி நிறுவனத்தை வாங்கியபோது ஈஎஸ்பிஎன் அலைவரிசையும் அதன் கைக்கு வந்தது. கையில் ஹாக்கி அணி, பேஸ்பால் அணி, விளையாட்டு அலைவரிசை மூன்றும் இருந்தால் அடுத்த படி என்ன? தென் கலிஃபோர்னியாவுக்கென்று ஒரு பிராந்திய விளையாட்டு அலைவரிசை. அந்தச் சந்தையில் ஏற்கெனவே கடை விரித்திருந்தது ஃபாக்ஸ். ஓமாலி குடும்பம் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி விலைக்கு வந்ததும், 1998-இல் 31.1 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் அதை வாங்கியது. அந்நாளில் அது ஒரு சாதனை விலை. டிஸ்னியின் பிராந்திய அலைவரிசைத் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் டிஸ்னியின் அணிகளுடைய ஆட்டங்களே ஃபாக்ஸின் அலைவரிசையில்தான் ஓடின. ஆக ஃபாக்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு பேஸ்பாலுக்கானது அல்ல, போட்டியாளனின் கதவை அடைப்பதற்கானது.

பேஸ்பாலுக்கு என்ன நேர்ந்தது? வாங்கிய இரண்டே மாதத்தில், 1998 மே மாதத்தில், ரசிகர்கள் உயிராக நினைத்த மைக் பியாசாவை ஃப்ளோரிடா மார்லின்ஸுக்குப் பரிமாற்றம் செய்தார்கள். பேரம் பேசியது அணியின் பொது மேலாளர் ஃபிரெட் கிளேர் அல்ல. தொலைக்காட்சிப் பக்கத்து மேலதிகாரிகள் பேசி முடித்த பின்னரே அவருக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அவரும் வேலையை விட்டு நீக்கப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் கெவின் பிரவுன் என்ற பந்துவீச்சாளருக்கு ஏழாண்டுகளுக்கு 10.5 கோடி டாலர் ஒப்பந்தம். பேஸ்பாலில் 10 கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் அதுதான். இவ்வளவு செலவுக்குப் பிறகும் ஃபாக்ஸ் காலத்தில் டாட்ஜர்ஸ் ஒருமுறைகூட இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை.

2004-இல் ஃபாக்ஸ் அணியை 43 கோடி டாலருக்கு ஃபிராங்க் மெக்கோர்ட்டுக்கு விற்றது. அவர் பாஸ்டன் நகரத்துக் கட்டட முதலீட்டாளர். கையில் ரொக்கம் குறைவு. வாங்குவதற்கான பணத்தில் ஒரு பகுதியை ஃபாக்ஸே கடனாகக் கொடுத்து, பாஸ்டன் கடலோரத்தில் அவருக்கிருந்த வாகன நிறுத்துமிட நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டது. கடன் கொடுத்தாவது தள்ளிவிட வேண்டும் என்கிற அளவுக்கு அவசரம். ஆனால் ஆட்டங்களின் ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் ஃபாக்ஸிடமே தங்கியது. ஆற்றங்கரையானின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

மேற்குக்கரைவாசி தனிமனித உரிமையாளர்களைப் பற்றிச் சொன்னதற்கும் மெக்கோர்ட் ஒரு சாட்சி. 2011-இல் டாட்ஜர்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்குச் சற்று முன் அவர் ஃபாக்ஸோடு செய்ய நினைத்த புதிய நீண்டகால ஒளிபரப்பு ஒப்பந்தத்தை பேஸ்பால் ஆணையர் பட் செலிக் நிராகரித்திருந்தார். 2012-இல் கக்கன்ஹைம் முதலீட்டுக் குழுமத்தோடு முன்னாள் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் இணைந்த குழு 215 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கியது. அடுத்த ஆண்டே டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபாக்ஸ் எட்டாண்டு பொறுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்குநோட்டு போட்டுப் பார்க்கட்டும்.

#5 வைகைப்புதல்வி

இடையில் ஒரு கேள்வி. நம் ஊர் சன் டிவி ஹைதராபாத் அணியை வைத்திருக்கிறதே, அதுவும் பட்டியலிடப்பட்ட ஊடக நிறுவனம்தானே? கணக்குநோட்டு சொல்லும் விதிப்படி பார்த்தால் அவர்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருக்க வேண்டும். மாறாக மேலும் மேலும் வாங்குகிறார்கள். இது எப்படி?

#6 கணக்குநோட்டு

பழையபந்து கேட்ட கணக்கை அவரே போட்டுவிட்டார். நான் வைகைப்புதல்விக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த அணியின் முன்கதை. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது ஹைதராபாத் உரிமத்தை 10.7 கோடி டாலருக்கு எடுத்தது டெக்கான் கிரானிக்கிள் என்ற நாளிதழ் நிறுவனம். 2009-இல் அந்த அணி பட்டமும் வென்றது. ஆனால் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியதால் 2012-இல் கிரிக்கெட் வாரியம் உரிமத்தை ரத்து செய்தது. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியை 1981-இல் வாங்கிய டிரிபியூன் பத்திரிகை நிறுவனம் 2008-இல் திவாலாகி, மறு ஆண்டு அணியை விற்க நேர்ந்ததும் ஏறத்தாழ இதே சங்கதி: ஆடுகளத்தில் கோளாறு இல்லை, அச்சகத்தில்தான் கோளாறு. 2012 அக்டோபரில் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய் என்று ஏலம் கேட்டு சன் டிவி நெட்வொர்க் ஹைதராபாத்தை எடுத்தது. 2016-இல் பட்டம் வென்றார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏ20 போட்டியில் ஈஸ்டர்ன் கேப் அணி, 2025-இல் இங்கிலாந்தின் ஹண்ட்ரட் போட்டியில் லீட்ஸ் நகர அணி என்று வரிசை நீள்கிறது.

ஏன் விற்கவில்லை என்றால், ஐபிஎல் கணக்கு வேறு வகை. அமெரிக்க பேஸ்பாலில் நாடளாவிய ஒளிபரப்புப் பணம் எல்லா அணிகளுக்கும் பொது. உள்ளூர் ஒளிபரப்புப் பணம் அந்தந்த அணிக்கே. எனவே அணியை வைத்திருப்பவரே அதன் உள்ளூர்த் திரையையும் வைத்திருந்தால், அணியிடமிருந்து ஆட்டங்களை மலிவாக எடுத்து, லாபத்தை அலைவரிசையின் கணக்கிலும் நட்டத்தை அணியின் கணக்கிலும் எழுதிக்கொள்ள முடியும். ஐபிஎல்லில் அந்த வாசலே இல்லை. எல்லா ஆட்டங்களின் உரிமையையும் வாரியமே மொத்தமாக விற்கிறது. 2023 முதல் 2027 வரைக்கான உரிமைத் தொகை 48,390 கோடி ரூபாய். அதில் பாதியளவு அணிகளுக்குப் பிரிகிறது. பத்து அணிகள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அணிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 400 கோடி ரூபாய்க்கு மேல் வரும். ஆட்டக்காரர் சம்பளத்துக்கோ உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே சன் டிவியின் காலாண்டு அறிக்கையில் கிரிக்கெட் அணி ஒரு சுமையாக அல்ல, விளம்பர வருவாய் மந்தமான காலத்தில் கைகொடுக்கும் வருவாயாகத்தான் வருகிறது. ஹைதராபாத்தின் ஆட்டங்களைச் சன் டிவி தன் திரையில் காட்ட முடியாது என்பதையும் கவனியுங்கள். அது அணியை அணியாகவே வைத்திருக்கிறது.

#7 ஆற்றங்கரையான்

கணக்குநோட்டின் பதில் என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு நகரத்தைப் பார்த்தால் சிக்கல் வேறொரு பக்கமும் இருப்பது தெரியும்: அட்லாண்டா.

1976-இல் டெட் டர்னர் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியை வாங்கினார். அவரிடம் இருந்தது 17-ஆம் எண் உள்ளூர் அலைவரிசை ஒன்று. அதைச் செயற்கைக்கோள் வழியே நாடு முழுவதும் கொண்டுபோக முனைந்தவருக்கு நாள்தோறும் மூன்று மணி நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. அணியை எதற்காக வாங்கினார் என்பதை அவர் ஒளித்ததே இல்லை. ஆண்டி மெசர்ஸ்மித் என்ற பந்துவீச்சாளருக்கு 17-ஆம் எண் சட்டையைக் கொடுத்து, முதுகில் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘சானல்’ என்று எழுத வைத்தார். நடமாடும் விளம்பரப் பலகை. லீக் அதை நிறுத்தச் சொன்னது. 1977 மே மாதத்தில் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது பயிற்சியாளரை விடுப்பில் அனுப்பிவிட்டுத் தானே சீருடை அணிந்து ஓர் ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக அமர்ந்தார். அதற்கும் மறுநாளே தடை வந்தது.

கோமாளித்தனம் என்று சொல்லலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் தோற்ற அணியை விற்காமல் வைத்திருந்த மனிதரும் அவர்தான். 1995-இல் உலகத் தொடர் கிடைத்தது. 1996-இல் அவருடைய நிறுவனம் ஊடகப் பெருநிறுவனமான டைம் வார்னரோடு இணைந்தது. பிரேவ்ஸ், கூடைப்பந்தின் ஹாக்ஸ், 1999-இல் புதிதாக ஆடத் தொடங்கிய ஹாக்கி அணியான த்ராஷர்ஸ் ஆகிய மூன்றும் அந்தப் பெருநிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் மூன்று வரிகளாயின. பின்னர் இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லோடு அது இணைந்தது பெருநட்டத்தில் முடிய, கடனைக் குறைக்க என்னென்ன விற்கலாம் என்று தேடியபோது அந்த வரிகள்தான் முதலில் கண்ணில் பட்டன. ஹாக்ஸையும் த்ராஷர்ஸையும் 2004-இல் வாங்கிய முதலீட்டாளர் குழு, தங்களுக்குள் வழக்காடியே காலத்தைக் கழித்தது. 2011-இல் த்ராஷர்ஸ் கனடாவின் வின்னிபெக் நகருக்கு விற்கப்பட்டது. விலை 17 கோடி டாலர். அதில் 6 கோடி, ஊர் மாறுவதற்கான கட்டணமாக லீகுக்குப் போனது. அட்லாண்டாவுக்கு அன்று முதல் அந்த லீகில் அணியே இல்லை.

பிரேவ்ஸ் விற்பனை இன்னும் விசித்திரமானது. 2007-இல் லிபர்ட்டி மீடியா என்ற ஊடக நிறுவனம் தன்னிடமிருந்த டைம் வார்னர் பங்குகளைத் திருப்பிக் கொடுத்தது. பதிலுக்கு பிரேவ்ஸ் அணி, தையல் பின்னல் புத்தகங்கள் வெளியிடும் ஒரு பதிப்பகம், 100 கோடி டாலரை நெருங்கிய ரொக்கம் ஆகியவற்றைப் பெற்றது. பங்குகளைச் சந்தையில் விற்றிருந்தால் கட்ட வேண்டிய வரியைத் தவிர்க்க இந்த ஏற்பாடு. பெரும்பங்கு ரொக்கமாகக் கைமாறும்போது, கூடவே இயங்கும் ஒரு தொழிலும் கைமாறினால்தான் அந்த வரிச்சலுகை கிடைக்கும். அந்தத் தொழில்தான் பிரேவ்ஸ். நூற்றாண்டு கடந்த ஓர் அணி, பின்னல் ஊசிப் புத்தகங்களோடு சேர்த்து வரித்துறைப் படிவத்தில் இட்டு நிரப்பிய பொருளாகக் கைமாறியது. மேற்குக்கரைவாசி அவர்களே, குடும்ப உரிமையாளர்களிடம் ஆயிரம் குறை சொல்லுங்கள், கேட்கிறேன். இதைச் செய்ய ஒரு குடும்பத்துக்குத் தோன்றியிருக்குமா?

#8 மேற்குக்கரைவாசி

தோன்றியிருக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கப்ஸ் அணியை 2009-இல் வாங்கிய ரிக்கெட்ஸ் குடும்பத்தார், விற்ற டிரிபியூன் நிறுவனத்துக்கு வரி குறைய வேண்டும் என்பதற்காக அதன் பெயரில் 5 விழுக்காட்டை விட்டுவைக்க ஒப்புக்கொண்டவர்கள்தானே. வரி ஆலோசகர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்.

லிபர்ட்டியிடம் போன பிரேவ்ஸ் அழிந்துவிடவும் இல்லை. 2017-இல் புறநகரில் புதிய மைதானம், அதைச் சுற்றிக் கடைகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும், 2021-இல் உலகத் தொடர். அந்த மைதானத்துக்கு உள்ளூர் அரசு கொட்டிக்கொடுத்த பொதுப்பணத்தைப் பற்றித் தனி இழையே திறக்கலாம்; அனாஹைமில் டிஸ்னி கொடுத்த விகிதத்தை அங்கே கனவிலும் காண முடியாது.

#9 ஸ்காபரோமாலை

எல்லாரும் விற்றுவிட்டுப் போனவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். இங்கே ரொறன்ரோவில் விற்காத நிறுவனம் ஒன்று இருக்கிறது.

றொஜர்ஸ், கேபிள் இணைப்பும் கைத்தொலைபேசியும் விற்கிற நிறுவனம்; விளையாட்டு அலைவரிசையும் அதனுடையதே. 2000-ஆம் ஆண்டில் புளூ ஜேஸ் பேஸ்பால் அணியை ஒரு மது உற்பத்தி நிறுவனத்திடமிருந்து வாங்கியது. ஏறத்தாழ 57 கோடி கனேடிய டாலர் செலவில் கட்டப்பட்ட மைதானத்தை 2004-இல் வெறும் 2.5 கோடிக்குப் பெற்றுத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2012-இல் போட்டி நிறுவனமான பெல்லோடு சேர்ந்து ஹாக்கி, கூடைப்பந்து அணிகளையும் வாங்கியது; 2025-இல் பெல்லின் பங்கையும் 470 கோடி கனேடிய டாலருக்குத் தன்வசமாக்கியது. இப்போது நகரத்தின் பெரிய அணிகள், அவை ஆடும் இடங்கள், அவற்றைக் காட்டும் அலைவரிசை, அந்த அலைவரிசை வரும் கம்பி, கையில் இருக்கும் தொலைபேசி இணைப்பு எல்லாமே ஒரே பட்டியலில் மாதக் கட்டணமாக வருகின்றன. அணி தோற்றால் கோபத்தில் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றால், துண்டிக்கவும் அவர்களைத்தான் அழைக்க வேண்டும்.

விற்கிற நிறுவனம் நல்லதா, விற்காத நிறுவனம் நல்லதா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஒரு வழி இருந்தது. 1998-இல் மர்டாக்கின் பிஸ்கைபி தொலைக்காட்சி 62.3 கோடி பவுண்ட் கொடுத்து மான்செஸ்டர் யுனைட்டெட் அணியை வாங்க முற்பட்டபோது, ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தார்கள். போட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 1999 ஏப்ரலில் அரசாங்கமே அதைத் தடுத்தது. ஒளிபரப்பு உரிமையை விற்கிற மேசையில் இரு பக்கமும் ஒரே ஆள் அமரக் கூடாது என்பது அங்கே முக்கியமான வாதமாக இருந்தது. கனடாவில் அந்தக் கேள்வியை யாரும் அந்த அளவுக்கு உரக்கக் கேட்கவில்லை.

#10 பழையபந்து

அந்த மேசையைப் பற்றி அமெரிக்காவில் முன்பே யோசித்தவர்கள் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் உரிமையாளர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் எதுவும் அங்கே அணி வைத்திருக்க முடியாது. ஊர்மக்கள் பங்கு வைத்திருக்கும் கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் பழைய விதிவிலக்கு. தொலைக்காட்சிப் பணத்தில் வேறெந்த லீகையும்விடக் கொழுத்த லீக், தொலைக்காட்சி நிறுவனத்தை வாசற்படியிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. விற்பவன் தனியே, வாங்குபவன் தனியே இருந்தால்தான் விலை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கும் மேலே ஒரு படி போய், 2025 ஆகஸ்டில் தன் ஊடகச் சொத்துகளைக் கொடுத்து ஈஎஸ்பிஎன் நிறுவனத்தில் 10 விழுக்காடு பங்கைப் பெறும் ஒப்பந்தத்தை அந்த லீக் அறிவித்தது. ஈஎஸ்பிஎன் டிஸ்னியுடையது. அணி வாங்கப் போன டிஸ்னியின் அலைவரிசையிலேயே இப்போது லீக் பங்கு வாங்குகிறது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். டாட்ஜர்ஸை விற்றபோது ஃபாக்ஸ் விடாமல் பிடித்துக்கொண்ட பிராந்திய அலைவரிசைகளின் கதி என்ன? 2019-இல் ஃபாக்ஸின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கியபோது, ஈஎஸ்பிஎன்னும் அவையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் நிபந்தனை விதித்தது. டிஸ்னி அவற்றை சின்க்ளேர் என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றது. மக்கள் கேபிள் இணைப்பைத் துண்டிக்கத் துண்டிக்க அவற்றின் வருமானம் வற்றி, 2023 மார்ச்சில் அந்தத் துணை நிறுவனம் திவாலானது. அணி நிலையற்றது, ஒளிபரப்புத்தான் நிலையான சொத்து என்று நம்பி அணியைத் தள்ளிவிட்டார்கள், நடந்தது தலைகீழ். 18 கோடி டாலருக்கு டிஸ்னி விற்ற ஏஞ்சல்ஸின் இன்றைய மதிப்பீடு 200 கோடிக்கு மேல். அந்த அணி 2014-க்குப் பிறகு இறுதிக்கட்டச் சுற்றுகளை எட்டிப் பார்த்ததே இல்லை, அப்படியும் இந்த விலை.

#11 கணக்குநோட்டு

பழையபந்து சொன்னதால்தான் ஸ்காபரோமாலையின் ஊரை இனி நான் கவனிக்கப் போகிறேன். பெல்லின் பங்கை வாங்கிய கடன் ரோஜர்ஸின் தோளில் இருக்கிறது. தன் விளையாட்டுச் சொத்துகளில் ஒரு சிறுபகுதியை வெளி முதலீட்டாளர்களுக்கு விற்று, பங்குச் சந்தை இன்னும் உணராத மதிப்பை வெளிக்கொண்டுவரப் போவதாக அதன் நிர்வாகம் வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு துண்டை மட்டும் விற்பது டிஸ்னியும் ஃபாக்ஸும் செய்யாத காரியம். யாருக்கு, எத்தனை விழுக்காடு, ஒளிபரப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்ற விவரங்கள் வெளிவந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.